அப்பாவின் வலது கையும் 1250 பேரின் ஆய்வும்

வாசகியின் கடிதம்:

என் அப்பாவுக்கு 58 வயது. கரூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஐந்து மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இப்போது பேச்சு தெளிந்திருக்கிறது, கைத்தடி ஊன்றி நடக்கிறார். வலது கையைப் பாதி தூக்குகிறார், மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சம் விரிகின்றன. ஆனால் எந்த வேலைக்கும் அந்தக் கையை எடுப்பதே இல்லை. நான் திருப்பூரில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு வந்து, மருத்துவமனையில் காட்டிய பயிற்சிகளைக் காலையும் மாலையும் செய்ய வைக்கிறேன். போன வாரம் அண்ணன் ஒரு செய்தியை அனுப்பினார். வீட்டில் குடும்பத்தார் கொடுக்கும் பயிற்சியால் பலன் இல்லை என்று இந்தியாவிலேயே 1250 பேரை வைத்து ஆராய்ந்து சொல்லிவிட்டார்களாம். அப்படியானால் இந்த ஐந்து மாதம் வீணா? ஒரு வீடியோவைப் பார்த்து அப்பாவின் இடது கையைத் துண்டால் கட்டி வைத்தேன். கோபப்பட்டுக் கத்தினார், பிறகு அழுதார். கண்ணாடி வைத்துச் செய்யும் பயிற்சி உண்மையா? கைக்கு மாட்டும் இயந்திர உறை ஒன்றை லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் விலை சொல்கிறார்கள். ஆறு மாதம் தாண்டினால் எதுவும் வராது என்றும் சொல்கிறார்கள். எந்த ஆராய்ச்சியை நம்புவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தத் துண்டு. இதைப் படிக்கும்போது அப்பாவின் இடது கையில் அது இருந்தால், எழுந்து போய் அவிழ்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். அவர் தடி ஊன்றுவது அந்தக் கையால்தான். தடுமாறினால் சுவரைப் பிடிப்பதும் அந்தக் கைதான். அதைக் கட்டிவிட்டால் கீழே விழுவதைத் தடுக்க அவரிடம் எதுவும் இல்லை. நீங்கள் அன்பினால்தான் செய்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அந்தச் சிகிச்சைக்கு உண்மையான ஆராய்ச்சிப் பின்னணியும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணன் அனுப்பிய செய்தி பொய் அல்ல. அட்டெண்ட் என்று பெயரிட்ட அந்த ஆய்வு 2017ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இந்தியாவில் 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். பக்கவாதம் வந்து ஒரு மாதத்துக்குள் இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதே வழக்கமான சிகிச்சையோடு, மனைவி, மகன், மருமகள் என்று வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர் மூலமாக இரண்டு மாதம் வரை வீட்டில் பயிற்சி. ஆறாவது மாதத்தில், யார் எந்தக் குழு என்று தெரியாதவர்கள் மதிப்பிட்டார்கள். இறந்தவர்களையும் பிறர் உதவியை நம்பியே இருந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தப் பக்கம் 47 சதவீதம், அந்தப் பக்கமும் 47 சதவீதம்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். நோயாலோ விபத்தாலோ அன்றாடச் செயல்களை இழந்தவர்கள் அவற்றை மீண்டும் செய்யப் பழக்குவதுதான் என் தொழில். செயல்முறை சிகிச்சை என்று தமிழில் சொல்கிறோம். அந்த முடிவு வந்த நாளில் எனக்கு மனம் கனத்துவிட்டது. ஊருக்கு ஊர் தெரபிஸ்ட் இல்லாத நாட்டில் குடும்பத்தையே பழக்கிவிட்டால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். அந்த ஆய்வை நடத்தியவர்களும் அப்படி நம்பித்தான் தொடங்கியிருப்பார்கள். நம்பியது நடக்கவில்லை என்று தெரிந்தபின் அதை அப்படியே அச்சில் ஏற்றினார்களே, அந்த நேர்மைக்காகவே அவர்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

ஆனால் அந்த ஆய்வு எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்று பார்க்க வேண்டும். பயிற்சி செய்தவரையும் சும்மா படுத்திருந்தவரையும் அது ஒப்பிடவில்லை. இரண்டு குழுவுக்கும் மருத்துவமனையின் வழக்கமான கவனிப்பு இருந்தது. அதன்மேல் குடும்பத்துக்கு ஒரு பயிற்சித் திட்டத்தை ஏற்றினால், சாவும் சார்ந்திருத்தலும் குறையுமா என்பதுதான் கேள்வி. குறையவில்லை. ஆகவே, தெரபிஸ்ட் செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் மாற்றிவைக்கும் திட்டங்களில் அரசுகள் பணத்தைப் போட இந்த முடிவு ஆதரவளிக்கவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது சுகாதாரத் துறைக்குச் சொன்ன பதில். உங்கள் அப்பா நாளைக் காலையில் கையை அசைக்கலாமா என்று யாரும் அந்த ஆய்வில் கேட்கவில்லை.

அளவுகோலையும் கவனியுங்கள். 0 முதல் 6 வரை ஏழே படிகள் உள்ள அளவு அது. ஒன்றும் குறையில்லை என்றால் 0, மரணம் என்றால் 6. உங்கள் அப்பா நாளைக்கே வலது கையால் ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டார் என்றால் உங்கள் வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்ப்பீர்கள். அந்த அளவுகோலில் முள் அசையவே அசையாது.

இந்த ஐந்து மாதம் வீணா என்று கேட்டீர்கள். உங்களுக்கு ஆறுதலாக மட்டும் எழுத எனக்கு விருப்பமில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அப்பா இப்போது நடப்பதிலும் பேசுவதிலும் எவ்வளவு உங்கள் உழைப்பால் வந்தது, எவ்வளவு மூளை தானாகவே தேறியதால் வந்தது என்று ஒரு வீட்டை மட்டும் பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பக்கவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் தானாகத் தேறுவதே நிறைய. ஒப்பீட்டுக் குழு வைத்து ஆராய்வதே அதனால்தான். ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் கை வராமல் போனால் அதற்கும் நீங்கள் பொறுப்பல்ல. 'இன்னும் அரை மணி நேரம் கூடுதலாகச் செய்ய வைத்திருந்தால்' என்று எத்தனையோ மகள்களும் மருமகள்களும் என் எதிரில் அமர்ந்து அழுதிருக்கிறார்கள். சில நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு தெரபிஸ்டின் வேலையை ஒரு குடும்பத்திடம் எதிர்பார்ப்பது சரிவராது என்றுதான் 1250 பேரின் ஆய்வு சொல்கிறது. அண்ணன் அனுப்பிய செய்தியை நான் உங்களுக்குச் சாதகமான சாட்சியமாகவே படிக்கிறேன்.

பயிற்சி பெற்றவர் வீட்டுக்கு வந்தால் நிலைமை வேறு. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் மரியன் வாக்கர் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நடத்திய ஆய்வு 1999இல் வந்தது. பக்கவாதம் வந்தும் மருத்துவமனையில் சேர்க்கப்படாத 185 பேர். ஒரு பாதியினரின் வீட்டுக்கு ஐந்து மாதம் வரை தெரபிஸ்ட் சென்று குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, வெளியே போய்வருவது என்று அவரவர்க்கு வேண்டியதைப் பழக்கினார். ஆறாம் மாதத்தில் அவர்கள் அன்றாட வேலைகளில் முன்னால் இருந்தார்கள். பார்த்துக்கொண்ட குடும்பத்தாரின் சுமையும் குறைந்திருந்தது. அதன்பின் 9 ஆய்வுகளில் இருந்த 1258 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும், அன்றாடச் செயல்களைக் குறிவைத்த ஆக்குபேஷனல் தெரபி பெற்றவர்கள் நிலை மோசமாவது குறைந்தது என்றே தெரிந்தது. ஆகவே பயிற்சியை நிறுத்தாதீர்கள். யார் வழிகாட்டுகிறார், எதைப் பழகுகிறார் என்பதை மாற்றுங்கள்.

இனி துண்டின் கதை. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளின் ஒரு கையில் உணர்வு நரம்புகளைத் துண்டித்து ஆராய்ந்தார். விலங்குகளுக்கு அது கொடுமைதான், அதை நான் மறைக்கவில்லை. அசைக்கும் திறன் அந்தக் கையில் மிச்சம் இருந்தும் குரங்கு அதைப் பயன்படுத்தவில்லை. எடுத்துப் பார்க்கும், தோற்கும், மறுபடி தோற்கும். பிறகு அந்தக் கை ஒன்று இருப்பதையே விட்டுவிடும். நல்ல கையைத் தடுத்தபோது கெட்டுப்போன கை வேலைக்கு வந்தது. பயன்படுத்தாமல் இருக்கவே பழகிப்போதல் என்று இதைச் சொல்கிறோம். 'கொஞ்சம் விரிகிறது, ஆனால் எடுப்பதே இல்லை' என்று நீங்கள் எழுதிய வரி இதைத்தான் காட்டுகிறது.

இதை மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்தது எக்ஸைட் ஆய்வு, 2006இல் வெளிவந்தது. அமெரிக்காவில் 222 பேர், எல்லோரும் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதத்துக்குள் இருந்தவர்கள். உங்கள் அப்பா நிற்கும் இடமும் அதுதான். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் மெத்தென்ற உறை. வார நாட்களில் ஆறு மணி நேரம் வரை தெரபிஸ்டின் முன்னால் பயிற்சி. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களின் கை முன்னேறியது. அந்த முன்னேற்றம் ஓராண்டு கழித்தும் நிலைத்திருந்தது.

வீடியோவில் காட்டாமல் விட்டவற்றைக் கேளுங்கள். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தானாக விரிக்க முடிந்தவர்களை மட்டுமே அந்த ஆய்வில் சேர்த்தார்கள். உறை என்பது கட்டு அல்ல. விழப்போனால் ஊன்றிக்கொள்ளலாம், தண்ணீர் புழங்கும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடலாம். இந்தச் சிகிச்சை முறையில் தொடங்கும் முன் நோயாளியோடு உட்கார்ந்து, எந்த வேலைக்கு உறையை மாட்டுவது, எதற்குக் கழற்றுவது என்று எழுதி, அவரே கையெழுத்துப் போடுவது வழக்கம். என்னைக் கேட்டால் இதில் முக்கியமான மருந்தே அந்தக் கையெழுத்துதான். உங்கள் அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகள் கல்லாவில் உட்கார்ந்து எல்லோருக்கும் அளந்து கொடுத்த மனிதரின் கையைப் பெற்ற மகள் கட்டுகிறாள் என்றால் அவர் கத்துவதில் வியப்பென்ன இருக்கிறது?

ஆறு மணி நேரம் எந்த வீட்டிலும் நடக்காது. வாரத்துக்கு மூன்று நாள் அரை மணி நேரப் பயிற்சி, வார நாட்களில் ஐந்து மணி நேரம் உறை, இப்படிப் பத்து வாரம் என்ற எளிய வடிவமும் உண்டு. அப்பாவுக்கு அது பொருந்துமா என்று ஒரு தெரபிஸ்ட் விரல் விரிவை அளந்துபார்த்துச் சொல்லட்டும். பொருந்தினாலும், நடக்கும் நேரத்தில் இடது கை தடியிடமே இருக்க வேண்டும்.

இப்போது கடைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த சொல் 'மளிகைக் கடை' என்பதுதான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோருக்கும் ஒரே பயிற்சி கொடுத்துவந்தேன். பிளாஸ்டிக் கூம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும், பிறகு கலைத்து மறுபடி அடுக்க வேண்டும். ஒரு பெரியவர், விவசாயி, மூன்று வாரம் பொறுமையாக அடுக்கினார். நாலாவது வாரம் என்னைப் பார்த்து, "இதை அடுக்கி நான் எங்கே கொண்டுபோய் விற்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. அவருக்கு வேண்டியது மாட்டுக்குத் தீவனம் வைப்பது. மறுநாள் ஒரு சாக்கில் வைக்கோல் கொண்டுவரச் சொன்னேன். அன்றிலிருந்து எவரிடமும் முதல் கேள்வியாக, எந்த வேலையை மறுபடி செய்ய ஆசை என்று கேட்கிறேன். இதற்கென்றே கனடாவில் உருவான ஒரு மதிப்பீட்டு முறை இருக்கிறது. வேலைகளை நோயாளியே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மதிப்பெண்ணும் அவரே போட வேண்டும். நாளைக் காலையில் காபி குடிக்கும் நேரத்தில் அப்பாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். சட்டைப் பொத்தான் போடுவது என்பார், சோறு பிசைவது என்பார். கடையைச் சொல்வார் என்று நான் ஊகிக்கிறேன், ஆனால் என் ஊகத்தை அவர் வாயில் திணிக்காதீர்கள்.

அவர் கடையைச் சொன்னால், அங்கே கிடைப்பது போன்ற பயிற்சிச் சாமான் என் அறையில்கூடக் கிடையாது. கை வேலைக்குத் திரும்புவதற்கு முன் பாரமாகத் திரும்பட்டும். கணக்கு நோட்டு நகராதபடி வலது கை அதன்மேல் கிடக்கட்டும், இடது கை எழுதட்டும்; கோணலாக இருந்தால் என்ன. இடது கை மூடியைத் திறக்கும்போது வலது கை டப்பாவை மார்போடு அணைத்துப் பிடிக்கட்டும். இதற்கு விரல்கள் தேவையே இல்லை. அடுத்தது, இடுப்பு உயரமுள்ள மேசை, கைவைத்த நாற்காலி, பாதம் இரண்டும் தரையில் படிந்திருக்க, பக்கத்துக் கூடையிலிருந்து தராசுத் தட்டுக்குப் பெரிய வெங்காயம் எடுத்து வைப்பது. உருண்டையான பொருளைப் பிடிக்கக் கை அகல விரிய வேண்டும். அவருக்குப் பிடிப்பதைவிட விடுவதுதான் கடினமாக இருக்கும். விரல்கள் இறுகிக்கொண்டு வெங்காயத்தை விடாது. அப்போது பிடுங்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். மணிக்கட்டைச் சற்றே கீழே தொங்கவிட்டால் விரல்கள் இளகும். வெங்காயம் வசப்பட்டதும் எலுமிச்சை, பிறகு பூண்டு, கடைசியில் நாணயம். நாணயத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம். பருப்பு அள்ளும் கரண்டியின் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கிவிட்டால் பிடி நழுவாது. பிளேடு, கத்தரிக்கோல், சூடான எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கையில் உணர்வு குறைந்திருந்தால் வெட்டுப்பட்டதே தெரியாது.

ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், கேத்தரின் லாங் என்ற ஆய்வாளரும் உடன் இருந்தவர்களும் அமெரிக்க, கனடிய மருத்துவமனைகளில் தெரபி நேரத்தை அருகில் இருந்து எண்ணிப் பார்த்தார்கள். கையால் ஒரு வேலையைச் செய்யும் பயிற்சி, அந்தப் பயிற்சி நடந்த ஒரு வேளைக்குச் சராசரியாக 32 முறைதான் நடந்தது. விலங்குகளிடம் மூளை மாற்றத்தைக் காட்டிய ஆய்வுகளில் அது நூற்றுக்கணக்கில் இருந்தது. ஒரு கிலோவில் பத்துப் பன்னிரண்டு வெங்காயம் நிற்கும். ஐந்து கிலோ எடுத்துப் போட்டால் ஐம்பது அறுபது முறை கை திறந்து மூடிவிடும், சலிப்பும் தெரியாது. ஆனால் எண்ணிக்கையே மந்திரம் என்று நினைக்க வேண்டாம். அதே லாங் 2016இல் 85 பேரிடம் 3200 முறை, 6400 முறை, 9600 முறை என்று அளவை மாற்றிப் பார்த்தார். அதிகம் செய்தவர்கள் அதிகம் முன்னேறவில்லை. இதைச் சொல்வது உங்களுக்காகத்தான். இன்று கூட்டம் அதிகம், இருபது முறைதான் முடிந்தது என்றால் அன்று இரவு நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

கண்ணாடிப் பயிற்சி உண்மையானது. வெட்டி எடுத்துவிட்ட கையில் வலி இருப்பதாக உணர்பவர்களுக்காக இதைக் கண்டுபிடித்தவர் வி.எஸ்.ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பக்கவாதத்துக்கு 1999இல் வெறும் 9 பேரிடம் சோதித்துத் தொடங்கினார்கள். 2018இல் 62 ஆய்வுகளை, 1982 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு அது), வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் கையசைவுக்கு ஓரளவு பலன் உண்டு என்றது. முகம் பார்க்கும் கண்ணாடியை, ஓரங்களில் துணி ஒட்டி, அப்பாவின் நடு மார்புக்கு நேராக, இரண்டு கைகளுக்கும் நடுவே, கண்ணாடியின் முகம் இடது கையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வலது கை கண்ணாடிக்குப் பின்னால், இடது கை முன்னால். இடது கை மெதுவாக மூடித் திறக்கட்டும். அப்பா கண்ணாடிக்குள் தெரியும் கையைப் பார்த்தபடி பின்னால் இருக்கும் கையையும் அப்படியே செய்ய முயலட்டும். நாளுக்கு இருபது முப்பது நிமிடம் போதும். தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

அந்த இயந்திர உறையை வாங்காதீர்கள். 2019இல் வெளியான ராட்டுல்ஸ் ஆய்வில், பிரிட்டனில் 770 பேரிடம், மருத்துவமனைகளில் வைக்கும் பெரிய ரோபோ இயந்திரத்தால் கைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கையின் பயன்பாட்டில் வழக்கமான கவனிப்பைவிட அது மேலாக இல்லை. உங்களிடம் விற்க வருவது அதே இயந்திரம் அல்ல என்பது உண்மைதான். ஆனால் தகுந்த தெரபிஸ்டுகள் கூடவே நின்று நடத்திய அந்த இயந்திரத்தாலேயே முடியாததைத் தன் உறை செய்யும் என்றால், அதை நிரூபிக்க வேண்டியவர் விற்பவர். கை தானாக முயலாமல், இயந்திரம் விரலை மடக்கி விரிப்பதை அப்பா பார்த்துக்கொண்டிருப்பதில் அவர் கற்பதற்கு என்ன இருக்கிறது? அடகு வைத்து இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்கி, ஆறே மாதத்தில் பரணில் ஏற்றிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும், ஒரு நல்ல தெரபிஸ்ட் சில மாதங்கள் வாரம் ஒருமுறை வீட்டுக்கும் கடைக்கும் வந்துபோக.

ஆறு மாதக் கெடுவைப் பற்றி. அதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 72 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், அவரவர் விரும்பித் தேர்ந்த வேலைகளில் கூடுதலாக 20 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு மூன்று மாதத்தில் அதைப் பெற்றவர்களுக்கே பலன் அதிகம். ஆறு மாதம் கடந்தபின் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. ஆனால் இருபது மணி நேரம் என்பது கொஞ்சம்தான். லண்டன் குயின் ஸ்கொயரில் உள்ள நரம்பியல் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கொடுக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. அங்கே வந்த 224 பேரில் பாதிப் பேருக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டோ அதற்கும் மேலோ ஆகியிருந்தது. அவர்களின் கை முன்னேறியது, ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் நான் அதை அளவோடுதான் நம்புகிறேன். ஆனால் பல காலம் கழித்துத் தானாகத் தேறுவது அரிது என்பதால் தள்ளிவிடவும் முடியவில்லை. என் அனுபவமும் இதையொட்டித்தான் இருக்கிறது. வேகம் குறையும், அதே பலனுக்குக் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். 180ஆம் நாளில் அடைபடும் கதவு எதையும் நான் பார்த்ததில்லை. ஆறு மாதம் முடியப்போகிறதே என்று அடுத்த முப்பது நாளில் அப்பாவை வாட்டி எடுத்துவிடாதீர்கள்.

ஆராய்ச்சியில் எதை நம்புவது என்ற கேள்விக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி நிற்க நடக்க வைத்தால் நல்லது என்று எங்களில் பலரும் நம்பினோம். ஐந்து நாடுகளில் 2104 பேரிடம் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தபோது, அப்படி முடுக்கிவிடப்பட்டவர்களில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பில் 50 சதவீதம். அன்றிலிருந்து, யார் எதைச் சொன்னாலும் நான் கேட்பது இரண்டுதான்: எதோடு ஒப்பிட்டீர்கள், எதை அளந்தீர்கள்? அண்ணன் அடுத்த செய்தியை அனுப்பும்போது நீங்களும் இதைக் கேளுங்கள். உறை விற்பவரிடமும் கேளுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள் பாக்கி. அப்பாவை எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தளர்ந்த தோள் மூட்டு வலி கண்டுவிட்டால் பயிற்சியே நின்றுபோகும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகள் ஒரு வேளையும் தவறக் கூடாது. இன்னொரு பக்கவாதம் வந்தால் இதுவரை பழகியதெல்லாம் போய்விடும். அடுத்தது அந்த அழுகை. கையைக் கட்டியதற்காக மட்டும்தானா, மற்ற நாட்களிலும் அழுகிறாரா, தூக்கம், பசி எப்படி என்று பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருத்துவம் இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது இதை முதலில் சொல்லுங்கள், கையைப் பற்றி பிறகு பேசலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். போகும்போது அப்பா எழுதித்தந்த நோட்டையும், கடையில் அவர் உட்காரும் இடத்தை எடுத்த சிறு வீடியோவையும் காட்டுங்கள். அந்த மேசை உயரத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

அண்ணனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. செய்தி அனுப்பத் தெரிந்தவர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து கடையில் அப்பாவோடு உட்காரலாம். வெங்காயத்தை எண்ண அவருக்கும் தெரியும். அந்த இரண்டு நாளும் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அப்பா நோட்டில் போட்ட மதிப்பெண்களை அனுப்புங்கள். திருப்பூர் வேலைக்குத் திரும்பிப் போவதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். உங்கள் முதல் கடிதத்தில் அதைப் பற்றி அரை வரிதான் இருந்தது.